இறக்கினால் ஏற்றக்கூடாது

சாகக் கிடந்த ஒருத்தியை மெத்தையிலிருந்து தூக்கித் தரையில் போட்டவள் நான். அவளுக்கு நல்ல சாவு வரவேண்டும் என்பதற்காக அல்ல... மெத்தை பாழாகிவிடக் கூடாது என்பதற்காக!

எழுதிவிட்டேன். இத்தனை காலம் வாய்க்கு வராத சொல் இது. நீங்களும் படித்துவிட்டீர்கள். இனி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். நாத்தனாரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவள், முறை தவறாமல் அனுப்பிவைத்தவள் என்பார்கள். நம்பாதீர்கள்!

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு கொழுந்துக் கூடைதான். மலையில் பக்கத்து நிரைக்காரி பத்து வார்த்தை பேசினால் நான் ஒன்று பேசுவேன். கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டால் முகமெல்லாம் வேர்த்துவிடும். அப்படிப்பட்டவள் என் வாழ்நாளில் ஒரே ஒருமுறை நிமிர்ந்து நின்று, எல்லோரும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னேன். அது பொய்.

அங்கம்மா என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே காம்பிராவில், லயத்து ஒற்றை அறையில், நாங்கள் இரண்டு பேரும் கிழவிகளானோம். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கொழும்புக்குப் போனவன் திரும்பவில்லை. என் வீட்டுக்காரரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது நாங்கள் இருவரும் என் மகன் குமாரும்தான்.

மதினி தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில் ஆயாவாக இருந்தவள். நான் மலைக்குப் போய்விட்டால் குமார் அவள் மடியில்தான் கிடப்பான். சாயங்காலம் நான் வந்து கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் வயிற்றின்மேல் தலை வைத்துத்தான் தூங்குவான். அவன் முதன்முதலில் அம்மா என்று கூப்பிட்டது என்னையா, அவளையா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் பயம்.

இதெல்லாம் சாக்கு என்று நினைக்கிறீர்களா? இருக்கலாம்... இருந்தாலும் சொல்கிறேன்.

பைப்படியில் வழுக்கி விழுந்து மதினிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இந்த வயதில் இனி வெட்டிக் கட்ட முடியாது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பலகைக் கட்டிலில் பாயை விரித்துப் படுக்கவைத்தேன். முதுகில் புண் வந்தது. புரட்டிப் போடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். அழமாட்டாள்.

குமார் அப்போது சவூதியில் டிரைவராக இருந்தான். இப்போதும் அங்கேதான். போனில் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதான். மறுநாளே காசு அனுப்பினான்.

"அம்மா, அத்தைக்கு நல்ல மெத்தை ஒண்ணு வாங்குங்க. ஆஸ்பத்திரியில என்னா சொன்னாங்களோ அதையே பாத்து வாங்குங்க."

ஆஸ்பத்திரியில் தாதிப் பெண் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. காற்று அடைத்த மெத்தை என்று ஒன்று இருக்கிறது, குமிழ் குமிழாக இருக்கும், நோயாளிக்கு அதுதான் நல்லது, புண் ஆறும் என்று சொல்லியிருந்தாள்.

அதை வாங்கத்தான் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். சத்தியமாக அதற்காகத்தான்!

கடையில் வேலை செய்த பையனுக்குப் பொகவந்தலாவைப் பக்கம். நம்ம தமிழ். என்னைப் பார்த்ததும் சிரித்தான். நான் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றேன்.

"செருப்போடயே வாங்கம்மா, இது கோயிலா என்ன? எந்த மாதிரி வேணும்?"

"காத்து மெத்தை இருக்கா தம்பி?"

அவன் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். ரப்பர் செருப்பு நிறத்தில், மடித்த தார்ப்பாய்போல இருந்தது. அதோடு ஒரு மோட்டார், ஒரு குழாய். இது நோயாளிக்கு மட்டும்தான் ஆகும், மற்றவர்கள் படுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்றான்.

மற்றவர்கள்... அந்த வார்த்தையில்தான் என் மனது நின்றுவிட்டது. மதினி போன பிறகு இந்த ரப்பரை என்ன செய்வது? உயிரோடு கிடப்பவளை வைத்துக்கொண்டு, அவள் போன பிறகு என்று ஒரு மனது நினைக்குமா? என் மனது நினைத்தது. கடைக்குள், பட்டப்பகலில், அவ்வளவு நிதானமாக நினைத்தது!

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படுக்கப்போறது யாரும்மா?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

பொய் அங்கேதான் தொடங்கியது. ஒரே ஒரு சொல்.

"அதை முன்னாடியே சொல்றதுக்கு என்னா? இங்க வாங்க. கூடை தூக்குன முதுகுதானே? எங்கம்மாவுக்கும் இதே கதைதான். இந்த ஸ்பொன்ஜ் மெத்தையில சும்மா படுத்துப் பாருங்க."

நீலப் பூப் போட்ட மெத்தை. ஒரு சாண் இருக்கும் கனம். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆம்பிளைப் பிள்ளை முன்னால் எப்படிப் படுப்பது? அவன் புரிந்துகொண்டு, "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், நீங்க பாருங்க" என்று தலையணைகளை அடுக்கப் போனான்.

படுத்தேன்.

உங்களுக்கு எப்படிச் சொல்வது? பிறந்தது பாயில். பிள்ளை பெற்றது சாக்கில். அறுபத்தைந்து வயது தாண்டியவள், அன்றைக்குத்தான் முதன்முதலில் என் முதுகெலும்பு ஒவ்வொன்றையும் யாரோ கை கொடுத்துத் தாங்குவதுபோல உணர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதினியின் புண்... அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை.

"எப்புடி இருக்கு?" என்றான் அந்தப் பக்கம் திரும்பியபடியே.

"இதையே கட்டிக் குடு தம்பி."

மெத்தை கடை லொறியில் கடைவீதிவரை வந்தது. அங்கிருந்து இரண்டு பேர் தலையில் சுமந்து லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாக் காம்பிராவிலிருந்தும் தலைகள் நீண்டன.

"என்னாடி, இந்த வயசுல கல்யாணச் சீரா?" என்று பக்கத்துக் காம்பிரா ராசம்மாக்கா கத்தினாள். சிரிப்புத் தாங்கவில்லை எல்லோருக்கும்.

மதினியும் சிரித்தாள். மெத்தையில் தூக்கிப் போட்டதும் கையால் தடவிப் பார்த்தாள்.

"ஏண்டி, பெரிய தொரை வீட்டு அம்மா மாதிரி ஆக்கிப்புட்டீங்களேடி என்னைய!"

ஆனால் நான் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. அதன்மேலேயே துணியை விரித்தேன். கூரை ஒழுகுகிறது, ஈரம் இறங்கிவிடும் என்று சொன்னேன். கிழவி ஒன்றுக்குப் போய்விடுவாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். புரண்டால் சரசரவென்று சத்தம் கேட்கும்.

"கொழுந்துச் சாக்குக்குள்ள போட்டுக் கட்டுன மாதிரி இருக்குடி. முதுகு வேர்க்குது. இந்தத் தாளை உருவிப்போட்டா என்ன?"

"புதுசு மதினி. கொஞ்ச நாள் போகட்டும்."

எந்த நாள் போகட்டும் என்றேன்? யாருடைய நாள்?

வேர்வையில் புண் பெரிதானது. தோட்டத்து டாக்டர் ஐயா வந்து பார்த்துவிட்டு மருந்து தடவச் சொன்னார். மெத்தையைப் பார்த்து, நல்ல மெத்தைதான், நன்றாகத்தான் கவனிக்கிறீர்கள் என்றார். விரித்த துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் கீழ் லயத்தில் ஒரு பெரியவர் மெத்தையிலேயே செத்துப்போனார். சாவு விழுந்த படுக்கை வீட்டில் தங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிணம் போனதும் பின்னாலேயே படுக்கையையும் ஆற்றோரம் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார்கள். எல்லோரும் பாயில் செத்த காலத்தில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பாய்க்கு யார் அழுவார்? ஆனால் அன்றைக்கு மெத்தை எரிந்தது. கன்னங்கரேல் என்று புகை. ஸ்பொன்ஜ் உருகிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தது. அந்த வீட்டு மருமகள் பிணத்துக்கு அழுததைவிட அதற்கு அதிகம் அழுதாள்.

நான் பாலத்தின்மேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலப் பூ எரிவதுபோலவே எனக்குத் தெரிந்தது...

இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டிலில் உயிர் பிரியக்கூடாது. கடைசி மூச்சு இழுக்கும்போது தரையில் இறக்கிவிட வேண்டும். இரண்டு வழக்கமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவள் நான் ஒருத்திதான். நேரத்தோடு இறக்கிவிட்டால் மெத்தைக்குச் சாவு இல்லை!

ஒரு மத்தியானம் மதினிக்கு மூச்சு வாங்கியது. கண் செருகியது. நான் ராசம்மாக்காவைக் கூப்பிட்டேன். பிறப்பு, இறப்பு எதுவென்றாலும் எங்கள் லயத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து மதினியின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"கால் சூடாத்தானே இருக்கு. இன்னும் நேரம் இருக்குடி."

"இல்லக்கா. எறக்கிருவோம்."

"பொறுடி. அவசரப்படாத."

"எறக்கணும்க்கா!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ராசம்மாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பேசாதவள் பேசினால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, தெரியுமா? அவள் மறுக்கவில்லை. பெண்கள் சேர்ந்து இறக்கினோம். சிமெந்துத் தரையில் சாக்கு, சாக்கின்மேல் பாய், பாயின்மேல் மதினி.

மறுநாள் காலையில் மதினி கண்ணைத் திறந்தாள்.

"ஏ புள்ள... ஒரு வாய் சாயத்தண்ணி குடுடி."

குடித்தாள். முழுக் கோப்பைத் தேநீரையும் குடித்தாள்! லயமே வந்து பார்த்துச் சிரித்தது. எமன் வந்து பார்த்துவிட்டு இந்த வாய்க்குப் பயந்து ஓடிவிட்டான் என்று ராசம்மாக்கா கேலி செய்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல! சரி, புடிங்கடி, தூக்கி மெத்தையில போடுவோம்."

நாலு பேர் குனிந்தார்கள். அந்த நொடியில்தான் நான் சொன்னேன்.

"எறக்கினவங்கள ஏத்தக்கூடாதுக்கா."

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஏத்தினா வந்த சாவு வெறுங்கையோட போகாது. லயத்துல இன்னொரு உசுரக் கூட்டிக்கிட்டுத்தான் போகுமாம்."

"யாருடி சொன்னது? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"எங்கம்மா சொல்லும். இந்தியாவுலேருந்து வந்த வழக்கமாம்."

என் அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. செத்துப்போனவளைச் சாட்சிக்கு இழுத்தேன்! கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ராசம்மாக்காவின் கை தானாகவே மதினியின் தோளை விட்டது. அதன் பிறகு யாரும் அவளைத் தொடவில்லை.

மதினி என்னையே பார்த்தாள்.

"அப்புடியாடி? எனக்குத் தெரியாதே..." என்றாள்.

அவ்வளவுதான்.

ஒரு வாரத்துக்கும் மேலாகத் தரையில் கிடந்தாள். எங்கள் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ. மழைக்காலத்தில் சிமெந்து தண்ணீராகக் கசியும். இருந்த போர்வையையெல்லாம் போர்த்தினேன். அடுப்பை அணையவிடாமல் வைத்திருந்தேன். நானும் பக்கத்திலேயே தரையில் படுத்தேன். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் உருகிப்போனார்கள். இப்படி ஒரு தம்பி பொண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள். எங்கள் இருவருக்கும் மேலே, கட்டிலில், மெத்தை காலியாகக் கிடந்தது.

"கீழ குளுருதுடி" என்பாள்.

"போத்திக்கங்க மதினி."

"அந்த மெத்த சும்மாதானே கெடக்கு..."

நான் அடுப்பு ஊதப் போய்விடுவேன்.

ஒருநாள் குமார் போன் எடுத்தான், முகம் பார்த்துப் பேசுகிற போன். போனை மதினியின் முகத்துக்கு மிக அருகில் பிடித்தேன். தரை தெரியக்கூடாது. பாய் தெரியக்கூடாது. முகம் மட்டும்...

"அத்தை! எப்புடி இருக்கீங்க? மெத்தை நல்லாருக்கா? முதுகு நோவுதா?"

மதினி போனைப் பார்க்கவில்லை. போனுக்கு மேலே தெரிந்த என் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ! எல்லாம் கண்டுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைக் காம்பிராவில் எத்தனை பிள்ளைகளின் பொய்யைப் பார்த்தவள்.

"சொகமா இருக்குடா தம்பி" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும், அத்தையைத் தரையில் போட்டிருக்கிறாள் உன் அம்மா என்று. சொல்லியிருந்தால் அன்றைக்கே தூக்கி மெத்தையில் போட்டிருப்பேன். ஏன் சொல்லவில்லை? என்மேல் இரக்கமா? அவன் மனது நோகக்கூடாதென்றா? கேட்க ஆள் இல்லை.

அவள் போனபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். கை ஐஸாக இருந்தது. சாவின் குளிர் எது, சிமெந்தின் குளிர் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

தப்பு அடித்தார்கள். தேர் கட்டினார்கள். பாயும் சாக்கும் ஆற்றோரம் எரிந்தன. சின்னப் புகைதான். குமாரால் வர முடியவில்லை. போனில் கதறினான். "கடைசி வரைக்கும் அத்தையச் சொகமா வச்சிருந்தீங்கம்மா, அது போதும்" என்றான். ராசம்மாக்கா பெண்களிடம் சொன்னாள், இவளுக்கு முறை தெரியும், நமக்குத்தான் தெரியாமல் போனது என்று.

காரியம் முடிந்தது. மெத்தையில் நான் படுத்தேன்.

படுப்பதற்கு முன்னால் முதல் வேலையாக அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன்.

இதையும் சொல்லத்தான் வேண்டும். தூக்கம் வராமல் தவித்தேன், முள்ளாகக் குத்தியது என்றெல்லாம் எழுத ஆசைதான். எழுதினால் பொய். நன்றாகத் தூங்குகிறேன்! வருடக்கணக்காக இருந்த முதுகு வலி போய்விட்டது. உடம்புக்கு வெட்கமே இல்லை...

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். என்னோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

போன வாரம் அடுத்த காம்பிராச் செல்வி ஓடிவந்தாள். அவளுடைய மாமனார் மாணிக்கம் அண்ணனுக்கு இழுப்பு வந்து, கட்டிலிலிருந்து இறக்கியிருந்தார்கள். இப்போது தெளிந்துவிட்டாராம். கஞ்சி கேட்கிறாராம்.

"பெரியம்மா, கொஞ்சம் வந்து பாருங்களேன். கட்டில்ல போடச் சொல்லிக் கெஞ்சுறாரு. ராசம்மா அம்மாயி கூடாதுன்னு சொல்லுது. எறக்கினா ஏத்தக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

போனேன். காம்பிரா நிறைய ஆட்கள். மாணிக்கம் அண்ணன் தரையில் கிடந்தார். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"தங்கச்சி... நீயாவது சொல்லும்மா. மேல போடச் சொல்லும்மா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முகம் வேர்த்தது. தொண்டைவரை வந்தது. அது பொய், நான் கட்டிய கதை, தூக்கிப் போடுங்கள் என்று. வந்தது... வந்துவிட்டிருக்கும்... அப்போது ராசம்மாக்கா கேட்டாள்.

"நீயே சொல்லுடி. அங்கம்மாவுக்கு அன்னைக்கு நீ செஞ்சது சரிதானே?"

அவரை ஏற்று என்று சொன்னால் அவளை ஏன் ஏற்றவில்லை என்று சொல்ல வேண்டும். மெத்தையைச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால். அது குமார் காதுக்குப் போகும்.

நான் தலையை ஆட்டினேன். சரிதான் என்று ஆட்டினேன்.

மாணிக்கம் அண்ணனின் கை கீழே விழுந்தது. செல்வி அழுதுகொண்டே இன்னொரு போர்வையைத் தேடிப் போனாள்.

தெரியாமல் செய்தது என்று இனி நான் எதைச் சொல்வேன்? முதலாவதை ஆசையால் செய்தேன். இரண்டாவதை வெட்கத்தால் செய்தேன். எது பெரிது என்று நீங்கள் சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

நேற்றுக் குமார் பேசினான்.

"மெத்தை எப்புடிம்மா இருக்கு? இப்ப முதுகு நோவு இல்லையே?"

"சொகமா இருக்குடா தம்பி" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது.

எங்கள் லயத்தில் காம்பிராவுக்குக் காம்பிரா ஒரு செங்கல் சுவர்தான். என் கட்டில் அந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், என் தலைக்குக் கீழே, தரையிலிருந்து இருமல் வருகிறது. இருமிவிட்டு யாரையோ கூப்பிடுகிறார். எழுந்து போய்ச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் அவர் வாசல்.

நான் மெத்தைமேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.